பெயர் யாருக்குச் சொந்தம்? மொராக்கோவின் டிரேட் மார்க் சட்டமும் கொட்டை உடைக்கும் பெண்களும்

பஞ்சாலையில் சிப்பம் கட்டும் தொழிலாளிக்கு டிரேட் மார்க் என்றால் என்னவென்று யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பஞ்சைப் பிரித்ததும் நூலை நூற்றதும் அவரும் அவருடைய சகோதர சகோதரிகளும்தான். ஆனால் சிப்பத்தின்மேல் ஒட்டும் லேபிளில் இருப்பது ஆலை முதலாளியின் மார்க். அந்த மார்க்குக்குக் கடைத்தெருவில் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை உண்டாக்கியது நல்ல நூல். நல்ல நூலை உண்டாக்கியது தொழிலாளியின் கை. ஆலை கைமாறும்போது யந்திரத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, மார்க்குக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். கைக்கு மட்டும் விலை கிடையாது. அதற்குக் கணக்குத் தீர்த்து வெளியே அனுப்புவார்கள்.

ஓர் ஆலையில் நடக்கும் இந்தக் காரியம் ஒரு ஜனசமூகத்துக்கே நடந்தால் எப்படி இருக்கும்? நூற்றாண்டுக் கணக்கில் ஒரு மக்கள் வளர்த்துக் காத்த மரத்தின் பெயரையே இன்னொரு நாட்டுக் கம்பெனி தன் சொத்தாகப் பதிவு செய்துகொண்டால் எப்படி இருக்கும்? கதையல்ல தோழர்களே, நடந்த விஷயம். வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ என்ற நாட்டின் ஆர்கன் எண்ணெயின் சரித்திரம் அது. அந்நாட்டைக் கட்டிய சர்வதேச ஒப்பந்தம் நம் நாட்டையும் கட்டியிருக்கிறது. ஆகவே அந்தச் சரித்திரத்தை நாமும் தெரிந்துகொள்வது அவசியம்.

கல்லும் கொட்டையும்

மொராக்கோவின் தென்மேற்கே, அட்லாண்டிக் கடலுக்கும் அட்லஸ் மலைகளுக்கும் அருகே, சூஸ் என்ற வறண்ட பிரதேசம் இருக்கிறது. அகாதிர் அங்குள்ள பெரிய துறைமுக நகரம். அந்தப் பிரதேசத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் ஆர்கன் என்ற முள்மரம் வளர்கிறது. உலகில் அது இயற்கையாகக் காடாக வளர்வது ஏறக்குறைய அங்கு மட்டும்தான். பாலைவனம் முன்னேறி வராமல் தடுத்து நிற்பது அந்த மரமே. ஆடு மேய்வது அதன் இலையை. அடுப்பு எரிவது அதன் விறகில். சமையலுக்கும் தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தருவது அதன் கொட்டை.

அங்கே வாழ்கிறவர்கள் அமாஸிக் மக்கள். ஆர்கன் என்பது அவர்களுடைய மொழிச் சொல். எந்த வியாபாரியும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த பெயரல்ல.

எண்ணெய் எடுப்பது பெண்களின் வேலை. உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, காய வைத்து, தோலை நீக்கினால் உள்ளே ஒரு கொட்டை. அதன் ஓடு மிகவும் கெட்டி. தரையில் அமர்ந்து, ஒரு கல்லின்மேல் கொட்டையை வைத்து, இன்னொரு கல்லால் அடித்துப் பிளந்து, உள்ளிருக்கும் சிறு பருப்பை எடுக்க வேண்டும். எண்ணெய் பிழிய யந்திரம் வந்துவிட்டது. ஆனால் கொட்டை உடைப்பது இன்றைக்கும் பெரும்பாலும் கையால்தான். நாள் முழுவதும் உட்கார்ந்து உடைத்தாலும் ஒரு பெண்ணுக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ பருப்பு தேறினால் அதிகம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரை முதல் மூன்று கிலோ பருப்பு வேண்டும். பழைய முறையில் அந்தப் பருப்பை வறுத்து, திரிகையில் அரைத்து, தண்ணீர் தெளித்துக் கையால் பிசைந்து எண்ணெயைப் பிரிப்பார்கள். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும்.

களத்து மேட்டில் நெல் தூற்றிய நம் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு இந்த உழைப்பு என்னவென்று சொல்லாமலே தெரியும். விரலில் காயம், இடுப்பில் வலி, கண்ணில் தூசி. இந்தப் பெண்கள் உடைத்த கொட்டையின் எண்ணெய்தான் இன்று பாரிஸிலும் நியூயார்க்கிலும் சின்னஞ்சிறு கண்ணாடிப் புட்டியில் சீமாட்டிகளின் முகப்பூச்சாகவும் கூந்தல் தைலமாகவும் பெரும் விலைக்குப் போகிறது.

அந்நியன் போட்ட ரிஜிஸ்தர்

மொராக்கோவின் டிரேட் மார்க் சட்டம் அந்நாட்டு மக்கள் கேட்டு வந்ததல்ல. 1912ல் பெஸ் நகரில் சுல்தானிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரெஞ்சு ஏகாதிபத்தியம் அந்நாட்டைத் தன் "பாதுகாப்பில்" எடுத்துக்கொண்டது. யாரிடமிருந்து பாதுகாப்பு? மக்களிடமிருந்து பிரெஞ்சு மூலதனத்துக்குப் பாதுகாப்பு! மொராக்கோ வாலிபர்கள் பிரான்சின் யுத்தகளங்களில் செத்துக்கொண்டிருந்த 1916ம் ஆண்டில், ஜூன் 23ந் தேதி, தொழிற் சொத்துச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. டிரேட் மார்க்கும் பேடண்டும் அதில் அடங்கும்.

மறுவருஷம், 1917ல், மொராக்கோவை பாரிஸ் ஒப்பந்தத்திலும் மாட்ரிட் ஒப்பந்தத்திலும் சேர்த்தார்கள். மாட்ரிட் ஒப்பந்தம் 1891ல் ஏற்பட்டது. அதன்படி ஒரு கம்பெனி தன் நாட்டில் பதிவு செய்த மார்க்கை ஒரு மனுவின் மூலம் பல நாடுகளிலும் பதிவு செய்துகொள்ளலாம். அன்று அந்த ஆபீஸ் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்தது. இன்று ஜெனீவாவில் இருக்கிறது. ஆக, பாரிஸ் வியாபாரியின் மார்க் காஸாபிளாங்காவில் காலடி வைப்பதற்குக் கப்பல்கூடத் தேவையில்லை, காகிதம் போதும். சூஸ் மலைக் கிராமத்துப் பெண்ணின் எண்ணெய்க்கு அப்போது எந்த நாட்டில் ரிஜிஸ்தர் இருந்தது? எங்கும் இல்லை.

1925 மார்ச் 4ந் தேதி ஆர்கன் காட்டுக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது. காடு சர்க்காருடையது, அங்கே வாழும் ஜனங்களுக்குப் பழம் பொறுக்கவும், ஆடு மேய்க்கவும், மரத்தடியில் உழுது விதைக்கவும் உரிமை உண்டு என்றது அந்தச் சட்டம். தலைமுறை தலைமுறையாக மரத்தைக் காத்தவர்கள் ஒரே நாளில் பழம் பொறுக்குகிறவர்கள் ஆனார்கள். நிலத்தின்மேல் உரிமை போயிற்று. பெயரின்மேல் உரிமை என்று ஒன்று உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

மொராக்கோ 1956ல் சுதந்திரம் அடைந்தது. கொடி மாறியது, கவர்னர் போனார். ரிஜிஸ்தர் மட்டும் மாறவில்லை! 1916ம் வருஷத்துச் சட்டமே தொடர்ந்தது. இன்னொரு விசித்திரமும் உண்டு. வடகோடியிலுள்ள டாஞ்சியர் நகரை வல்லரசுகள் சர்வதேச மண்டலமாக வைத்திருந்தன. அங்கே 1938ல் தனி டிரேட் மார்க் சட்டம் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு டாஞ்சியர் தாய்நாட்டோடு சேர்ந்தது. அதன் ரிஜிஸ்தர் சேரவில்லை. ஒரே நாட்டில் மார்க்கைக் காப்பாற்றக் காஸாபிளாங்காவில் ஒரு பதிவு, டாஞ்சியரில் ஒரு பதிவு என்று இரண்டு பதிவு செய்ய வேண்டியிருந்தது. புதிய சட்டம் 2000ல் பிரகடனமாகி 2004 டிசம்பர் 18 அன்று அமுலுக்கு வந்த பிறகுதான் இந்தக் கூத்து முடிந்தது. சுதந்திரம் வந்து 48 வருஷம் கழித்து!

கொடியை இறக்குவது ஒரு நாள் வேலை. அந்நிய மூலதனம் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்துச் சட்டத்தை இறக்குவதற்கு எத்தனை காலம் பிடிக்கிறது பாருங்கள்.

மரத்தின் பெயரை மடியில் கட்டியவன்

1983ம் ஆண்டில் பிரான்சில் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி, அந்த மரத்துக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் "ஆர்கான்" என்ற பெயரையே தன் டிரேட் மார்க்காகப் பதிவு செய்துகொண்டது. வேறொரு கம்பெனி தன் சரக்கின்மேல் அந்தச் சொல்லை அச்சிட்டபோது அதைக் கோர்ட்டுக்கு இழுத்தது.

பொதுப்பெயரை ஒருவன் சொத்தாக்க முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாது என்றுதான் எல்லா நாட்டுச் சட்டமும் சொல்கிறது. அரிசி விற்கிறவன் "அரிசி" என்ற சொல்லைப் பதிவு செய்ய முடியாது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு சொல் பொதுச்சொல்லா இல்லையா என்பதை, அந்தச் சொல்லைப் படைத்தவர்களைக் கேட்டு முடிவு செய்வதில்லை. சரக்கை வாங்குகிற நாட்டில் வாங்குகிறவனுக்கு அந்தச் சொல் தெரியுமா என்று பார்க்கிறார்கள். சூஸில் குழந்தைக்கும் தெரிந்த பெயர் பாரிஸில் சீமாட்டிக்குத் தெரியாவிட்டால் அது "புதிய" பெயர்! நமக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைக்கும் ஏகாதிபத்தியவாதியின் அகந்தை இப்படிச் சட்ட வாசகமாகவே உருவெடுத்திருக்கிறது.

ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து, நீண்ட வழக்குக்குப் பிறகு, அந்த மார்க் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நல்லது. ஆனால் கோர்ட்டில் மோதிக்கொண்டவர்கள் யார்? ஒரு பிரெஞ்சுக் கம்பெனியும் இன்னொரு பிரெஞ்சுக் கம்பெனியும். கொட்டை உடைத்த பெண் அந்த வழக்கில் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. அவள் பெயரைப் பற்றிய வழக்கில் அவளுக்குச் சம்மன்கூட இல்லை!

மராகேஷில் போட்ட முடிச்சு

1994 ஏப்ரல் 15 அன்று உலக வர்த்தக ஸ்தாபனத்தை உண்டாக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எந்த ஊரில் தெரியுமா? மொராக்கோவின் மராகேஷ் நகரிலே! ஆர்கன் காட்டிலிருந்து அதிக தூரமில்லை. அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதிதான் டிரிப்ஸ் எனப்படும் அறிவுச்சொத்து ஒப்பந்தம். இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது.

டிரேட் மார்க்குக்குக் குறைந்தது 7 ஆண்டு ஆயுள் கொடுக்க வேண்டும், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம் என்கிறது அதன் ஷரத்து. பேடண்ட் 20 ஆண்டில் முடியும். டிரேட் மார்க்குக்குச் சாவே இல்லை. மொராக்கோவில் ஒரு பதிவுக்கு ஆயுள் 10 ஆண்டு. பணம் கட்டக் கட்ட அது வளரும். மனிதன் சாவான், மரம் சாகும், மார்க் சாகாது.

ஓர் ஊரின் பேரால் புகழ்பெற்ற சரக்குகளுக்கும் அந்த ஒப்பந்தத்தில் இடம் உண்டு. அதிலும் இரண்டு பந்தி வைத்திருக்கிறார்கள். ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் முதல் பந்தி: வேறு ஊர்க்காரன் "அந்த வகை", "அந்த மாதிரி" என்று சொல்லிக்கூட அந்தப் பெயரைப் போடக்கூடாது. மற்றச் சரக்குகளுக்கு இரண்டாம் பந்தி: வாங்குகிறவன் ஏமாந்தான் என்று நிரூபித்தால்தான் பாதுகாப்பு. பிரான்சின் மதுவுக்கு இரும்புக் கோட்டை; மொராக்கோவின் எண்ணெய்க்கும் இந்தியாவின் தேயிலைக்கும் ஓலைப் படல்! இந்தப் பேதத்தை நீக்கு என்று இந்தியா உட்படப் பல நாடுகள் கேட்டன. இதுவரை நீங்கவில்லை.

இதோடு முடிந்ததா? இல்லை. 2004 ஜூன் மாதம் மொராக்கோ சர்க்கார் அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது. அது 2006 ஜனவரி 1 முதல் அமுலாயிற்று. அறிவுச்சொத்து பற்றிய அதன் அத்தியாயம் டிரிப்ஸைவிடக் கடுமையானது. கண்ணால் காணும் சின்னம் மட்டுமல்ல, ஓசையையும் வாசனையையும்கூட டிரேட் மார்க்காகப் பதிவு செய்ய மறுக்கக்கூடாது என்று அதில் ஒரு ஷரத்து. மருந்துக் கம்பெனிகளின் சோதனை விவரங்களுக்கு 5 ஆண்டு ஏகபோகம் என்று இன்னொரு ஷரத்து. மருந்து விலை ஏறுமே என்று 2004 ஜனவரியில் ரபாத் நகரில் நோயாளிகளுக்காகப் பாடுபடுகிறவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தபோது போலீஸ் அதைப் பலாத்காரமாகக் கலைத்தது. ஒப்பந்தத்துக்கு ஏற்றபடி நாட்டின் சட்டம் 2006ல் திருத்தப்பட்டது. சட்டம் பார்லிமெண்டில் பிறந்து ஒப்பந்தத்துக்குப் போகவில்லை. ஒப்பந்தத்தில் பிறந்து பார்லிமெண்டுக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தில் ஒரு "ஜனநாயக" ஏற்பாடும் உண்டு. யாராவது ஒரு மார்க்கைப் பதிவு செய்ய மனுப் போட்டால் அதைப் பிரசுரிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர் இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்பு மனுச் செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது. பதிவு ஆபீஸ் காஸாபிளாங்காவில் இருக்கிறது. கொட்டை உடைக்கும் பெண்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை. அவர்கள் பேசும் அமாஸிக் மொழிக்கு ராஜ்ய மொழி அந்தஸ்தே 2011ல்தான் கிடைத்தது. அவள் கல்லைக் கீழே வைத்துவிட்டு காஸாபிளாங்கா கெஜட்டைப் புரட்டிப் பார்த்து, வக்கீல் வைத்து, இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபிப்பாளா? பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வாசல் திறந்திருக்கிறது என்கிறார்கள். வாசல் திறந்துதான் இருக்கிறது. வாசல் வரை போக வண்டிச் சத்தம் யார் கொடுப்பார்?

கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன?

எல்லாமே இருட்டு என்று நாம் சொல்லவில்லை. போராடியவர்கள் உண்டு, பலனும் உண்டு. ரபாத் பல்கலைக் கழகத்தின் ரசாயனப் பேராசிரியை ஸுபைதா ஷரூப் 1990களில் பெண்களைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க முன்வந்தார். இன்று அத்தகைய சங்கங்கள் நூற்றுக் கணக்கில் இருக்கின்றன. வீட்டில் தனியாக உடைத்தவள் சங்கக் கூடத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து உடைக்கிறாள். தன் பேரில் கூலி வாங்குகிறாள். எண்ணெய் வியாபாரம் பெருகியதால் அந்தக் கிராமங்களில் பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போவது கூடியது என்று 2011ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கண்டது. காட்டின் நிலைமை மட்டும் அதனால் சீர்படவில்லை என்றும் அதே ஆராய்ச்சி சொன்னது.

2008ல் மொராக்கோ ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் செய்தது. 2009ல் அதன்படி ஆர்கன் எண்ணெய்க்குப் பூகோளக் குறியீடு கிடைத்தது. இனி அந்தப் பிரதேசத்தில், குறிப்பிட்ட விதிப்படி எடுத்த எண்ணெய்க்கே அந்த முத்திரை. இது தனி முதலாளியின் மார்க்கல்ல. பிரதேசத்தின் பொதுச் சொத்து. ஆகவே இது முன்னேற்றம்தான். வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே, இங்கேதான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். முத்திரை "எண்ணெய் எங்கே எடுத்தது?" என்று கேட்கிறது. "எடுத்தவளுக்கு என்ன கூலி?" என்று கேட்பதில்லை. எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறுகிறது. அந்நிய நாட்டில் அதைப் புட்டியில் ஊற்றி, இரண்டு சொட்டை இருபது சொட்டு வேறு திரவத்தோடு கலந்து, தங்கள் கம்பெனியின் மார்க்கை ஒட்டுகிறார்கள். விலை ஏறுவது எங்கே? கொட்டை உடைந்த இடத்தில் அல்ல. லேபிள் ஒட்டிய இடத்தில்! இடையே தரகன், ஏற்றுமதிக்காரன், மொத்த வியாபாரி. கூட்டுறவு என்று பலகை மாட்டிக்கொண்டு தனியார் வியாபாரம் நடத்தும் பித்தலாட்டமும் உண்டு. தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பது நம் ஊர்ப் பழமொழி. இங்கே தேனெடுத்தவள் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறாள், நக்குகிறவன் வேறொருவன்.

ஆகவே 1983ல் நடந்த பெயர்த் திருட்டைப் பற்றி மட்டும் ஆத்திரப்பட்டால் போதாது. அது சட்டத்தின் கண்ணிலேயே தவறு. ஆகவே என்றோ ஒருநாள் ரத்தாயிற்று. பெரிய திருட்டு சட்டத்தின் கண்ணில் தவறே அல்ல. உழைப்பு உண்டாக்கிய மதிப்பை லேபிளின்மேல் ஏற்றி, அந்த லேபிளைச் சொத்தாக்கி, சொத்துக்குச் சாகாவரம் கொடுத்திருக்கிறார்களே, அதுதான் பெரிய திருட்டு. அதற்குக் காவல் நிற்பது சட்டமே. பிறர் மார்க்கை ஒட்டினால் சிறையும் அபராதமும் உண்டு. பிறர் உழைப்பின்மேல் தன் மார்க்கை ஒட்டினால் பதிவுச் சான்று உண்டு!

"மார்க் இல்லாவிட்டால் போலி வராதா?"

முதலாளி வர்க்கத்தின் வக்கீல்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். டிரேட் மார்க் இல்லாவிட்டால் கலப்படக்காரன் புகுந்துவிடுவானே, வாங்குகிறவன் ஏமாறுவானே என்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆர்கன் எண்ணெயில் மலிவான எண்ணெயைக் கலந்து விற்கும் மோசடி உண்மையிலேயே நடக்கிறது. அதனால் நஷ்டம் முதலில் கொட்டை உடைக்கிறவளுக்குத்தான். அவள் சரக்கின் நற்பெயர் கெடுகிறது. ஆகவே அடையாளம் வேண்டும், பரிசோதனை வேண்டும், மோசடிக்காரனுக்குத் தண்டனையும் வேண்டும்.

அடையாளம் வேண்டுமா என்பதில் நமக்கும் அவர்களுக்கும் தகராறு இல்லை. அந்த அடையாளம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. மொராக்கோவின் சட்டத்திலேயே கூட்டு மார்க் என்று ஒன்று உண்டு. தனி முதலாளி அல்லாத ஒரு சங்கம் தன் உறுப்பினர்கள் எல்லோருக்குமாக மார்க்கைப் பதிவு செய்துகொள்ளலாம். அதைப் பயன்படுத்துவதற்கு விதிமுறையும் எழுதி வைக்கலாம். அந்த விதிமுறையில் எண்ணெயின் நிறமும் மணமும் இருக்கட்டும். அவற்றோடு கொட்டை உடைத்தவளின் கூலியையும் ஏன் எழுதக்கூடாது? குறைந்த கூலி கொடுத்த சரக்குக்கு முத்திரை இல்லை என்று ஒரு வரி ஏன் இருக்கக்கூடாது? எண்ணெயில் கலப்படம் செய்தால் முத்திரை போகும் என்றால், கூலியில் கலப்படம் செய்தாலும் முத்திரை போகட்டுமே!

நம் வாசலிலும் இதே ரிஜிஸ்தர்

மராகேஷ் முடிச்சு நம் கழுத்திலும் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்கு இணங்க 1999ல் இந்தியாவில் புதிய டிரேட் மார்க் சட்டமும் பூகோளக் குறியீட்டுச் சட்டமும் செய்தார்கள். இரண்டும் 2003 செப்டம்பரில் அமுலுக்கு வந்தன. இந்தியா முழுவதற்கும் பூகோளக் குறியீட்டு ரிஜிஸ்தர் இருப்பது வேறெங்குமல்ல, நம் சென்னையிலே. டார்ஜிலிங் தேயிலையும் காஞ்சிபுரம் பட்டும் மதுரை மல்லியும் அந்த ரிஜிஸ்தரில் ஏறியிருக்கின்றன.

பெருமைதான். ஆனால் டார்ஜிலிங்கின் பெயர் தேயிலை வாரியத்தின் பேரில் பதிவாகியிருக்கிறது. கொழுந்து கிள்ளும் பெண்ணின் பேரில் அல்ல. பட்டின் பெயர் காஞ்சிபுரத்துக்கு. லாபம் ஜவுளி மாளிகைக்கு. தறிக்குழியில் கால் மரத்துப்போவது நெசவாளிக்கு. மல்லிக்கு முத்திரை உண்டு. விடியுமுன்னே பனியில் மொட்டுப் பறிக்கிறவளுக்குக் கூலி உயர்வு கேட்டால் முகம் சுளிப்பார்கள். மொராக்கோவின் கதைக்கும் நம் கதைக்கும் ஊர்தான் வேறு.

எதிர்த்து நின்றால் ஒன்றும் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 2005ல் பேடண்ட் சட்டத்தைத் திருத்தியபோது இடதுசாரிக் கட்சிகள் பார்லிமெண்டில் வற்புறுத்திய காரணத்தால், பழைய மருந்தையே கொஞ்சம் மாற்றிப் புதிய பேடண்ட் வாங்குவதைத் தடுக்கும் ஷரத்து வலுப்படுத்தப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட் அந்த ஷரத்தைக் கொண்டே ஸ்விஸ் கம்பெனி ஒன்றின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்குப் பேடண்ட் மறுத்தது. ஒரு வரி ஷரத்து எத்தனை உயிர் காக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? மொராக்கோ அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தம் போன்றவை இப்போது நம்மைத் தேடி வருகின்றன. 2025 ஜூலையில் இந்திய சர்க்கார் பிரிட்டனுடன் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்திலும் அறிவுச்சொத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களின் ஒவ்வொரு ஷரத்தையும், கையெழுத்தாவதற்கு முன்பே, ஜனங்களின் மொழியில் ஜனங்களின் முன் வைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

அதோடு நில்லாமல் இன்னும் மூன்று விஷயங்களை நம் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கேட்க வேண்டும். ஊர்ப்பெயரைப் பதிவு செய்யும் எந்த அமைப்பிலும் உழைக்கிறவர்களின் பிரதிநிதிகள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முத்திரைக்குரிய விதிகளில் குறைந்தபட்சக் கூலியும் கொள்முதல் விலையும் எழுதப்பட வேண்டும். பதிவு மனுக்களின் விவரம் அந்தச் சரக்கு பிறக்கும் கிராமத்திலேயே, அந்தக் கிராமத்து மொழியிலேயே அறிவிக்கப்பட வேண்டும். இவை பெரிய புரட்சியல்ல; சட்டத்தின் பேரில் பேசுகிறவர்கள் தங்கள் பேச்சுக்கு உண்மையாக இருந்தாலே செய்யக்கூடியவை. செய்யமாட்டார்கள், செய்ய வைக்க வேண்டும். அதற்குச் சங்கம் வேண்டும்.

ஆர்கன் காட்டுப் பெண்ணுக்கும் அதுவே வழி. பிரெஞ்சுக் கோர்ட்டின் தயவாலோ, வாங்குகிற சீமாட்டியின் இரக்கத்தாலோ அவள் வாழ்வு உயராது. தனித்தனியாகக் கொட்டை உடைத்தவர்கள் ஒரே சங்கமாக உட்கார்ந்தபோதுதான் அவர்களுக்குத் தங்கள் பேரில் கூலி கிடைத்தது. அந்தச் சங்கங்களெல்லாம் ஒன்றுபட்டு, எண்ணெயைத் தாங்களே புட்டியில் அடைத்து, தங்கள் கூட்டு மார்க்கைத் தாங்களே ஒட்டும் நாளில், விலையும் அவர்கள் வாசலுக்கு வரும்.

பெயரை மக்கள் வைத்தார்கள். புகழை உழைப்பு சேர்த்தது. அப்படியானால் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடவேண்டியதும் உழைத்த கைதான்.